சிப்பி விருந்தும் கல்யாண வரவேற்பும்

அன்புள்ள நிலா,

நீயும் மாப்பிள்ளையும் அனுப்பிய படங்களைப் பார்த்ததிலிருந்து, தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய பண்ணையை, பூன் ஹாலை, ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தேன். போன சனிக்கிழமை வாய்ப்பு தானாக வந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஓய்வு பெறுகிறார். அவருக்கு அங்கேதான் மாலையில் ஆய்ஸ்டர் ரோஸ்ட், அதாவது சிப்பி விருந்து. அம்மாவும் நானும் பகலிலேயே டிக்கெட் எடுத்துப் போய் வெயில் இறங்கும்வரை சுற்றிப் பார்த்தோம். வரவேற்பை அங்கே வைக்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய்.

முதலில் சாப்பாடு. பெரிய இரும்புத் தகட்டுக்கு அடியில் விறகு எரிகிறது. தகட்டின் மேல் சிப்பிகளைக் கொட்டி, நனைத்த சணல் சாக்கால் மூடிவிடுகிறார்கள். அந்த ஆவியில்தான் வேகிறது. சில நிமிடத்தில் ஓடு லேசாக வாய் பிளந்ததும் ஷவலால் அள்ளி நேராக மேஜையில் தள்ளுகிறார்கள். தட்டும் இல்லை, நாற்காலியும் இல்லை. மேஜை நடுவே ஒரு ஓட்டை, அடியில் தொட்டி. இந்தப் பக்கத்துச் சிப்பி ஏற்றவற்றச் சேற்றில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கொத்தாக வளர்வது. ஓரம் கையைக் கிழித்துவிடும். அதனால் ஒரு கையில் தடித்த உறை, மறு கையில் குட்டைக் கத்தி. குளிரில் எல்லோரும் நெருப்புப் பக்கம் நெருங்கி நின்று, பக்கத்தில் நிற்பவர் யாரென்றே தெரியாமல் பேசிக்கொண்டு தின்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உப்புத் தண்ணீரோடு அப்படியே வாயில் போட வேண்டும், சாஸெல்லாம் வீண். அம்மா இரண்டோடு நிறுத்திவிட்டு, இறாலும் சோளமும் உருளைக்கிழங்கும் சேர்த்து அவித்த ஃப்ரோக்மோர் ஸ்டூ பக்கம் போய்விட்டாள்.

தொட்டியில் விழுந்த ஓடுகள் குப்பைக்குப் போவதில்லை. மாநில இயற்கை வளத் துறை அவற்றைச் சேகரித்து மறுபடி கழிமுகத்தில் கொட்டுகிறது. தண்ணீரில் மிதந்து திரியும் சிப்பிக் குஞ்சுக்கு ஒட்டிக்கொள்ள ஒரு பழைய ஓடு வேண்டும், அதற்காக. வளர்ந்த சிப்பி ஒன்று நாளைக்கு 50 காலன் வரை தண்ணீரை வடிகட்டுமாம்.

சிவப்புச் சோறும் இருந்தது. ஒரு வாய் வைத்ததுமே "நம்ம தக்காளிச் சோறு மாதிரி இருக்கே" என்றாள் அம்மா. குல்லா மக்களின் சமையல் அது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். அந்தக் கரைகளில் நெல் விளைவித்துப் பழகியவர்களைத் தேடி வாங்கினார்கள் இந்த ஊர்ப் பண்ணைக்காரர்கள். அந்த அடிமைகள்தான் சதுப்பில் கரை போட்டு, மதகு வைத்து, கடல் ஏற்றத்தின் வேகத்தைக் கொண்டே வயலுக்கு நல்ல தண்ணீர் ஏற்றினார்கள். சார்ல்ஸ்டனின் பழைய பணத்தில் பெரும்பங்கு அந்த நெல்லில் வந்தது. தஞ்சாவூர்க்காரன் நான், வயல் சேற்றில் நாள் முழுக்க நிற்பது என்னவென்று தெரியும். கூலியும் இல்லாமல், ஓடவும் முடியாமல் நின்றவர்களை நினைத்ததும் கையிலிருந்த தட்டு கனத்தது.

பூன் ஹாலில் நெல்லைவிடச் செங்கல்தான் பெரிய தொழில். 1850 வாக்கில் 85 அடிமைகளை வைத்து ஆண்டுக்கு 40 லட்சம் செங்கல் அறுத்திருக்கிறார்கள். நீ படத்தில் பார்த்து மயங்கிய வெள்ளைத் தூண் மாளிகை அந்தக் காலத்தது இல்லை, தெரியுமா? 1936-இல் கட்டியது. அதைவிடப் பழையவை 1743-இல் நட்ட ஓக் மரச் சாலையும், அதன் ஓரமாக வரிசையில் நிற்கும் ஒன்பது செங்கல் குடிசைகளும். குடிசைகள் 1790-க்கும் 1810-க்கும் இடையில் அடிமைகள் குடியிருக்கக் கட்டியவை. நீ அனுப்பிய படங்களில் மரச்சாலை இருக்கிறது, குடிசை ஒன்றில்கூட இல்லை. எங்கே நின்று எடுத்தால் அது தெரியாமல் போகும் என்று நானே நின்று பார்த்தேன். கஷ்டமில்லை, நாலடி தள்ளி நின்றால் போதும்.

2012-இல் ஹாலிவுட் நடிகர்கள் பிளேக் லைவ்லியும் ரயன் ரெனால்ட்ஸும் இங்கே கல்யாணம் செய்தார்கள். அடிமைகள் உழைத்த பண்ணையில் கல்யாணம் செய்ததற்காக 2020-இல் ரெனால்ட்ஸ் பகிரங்கமாக வருத்தப்பட்டார்.

அப்புறம் நீங்கள் மட்டும் அங்கே நின்று தின்றீர்களே என்பாய். நியாயமான கேள்வி. போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். குல்லா வாரிசுகளே அங்கே நின்று தங்கள் கதையைச் சொல்லியும் பாடியும் காட்டுகிறார்கள். அதைக் கேட்க ஆட்கள் போகத்தான் வேண்டும். ஒரு நாள் விருந்தாளியாகப் போய்வருவது வேறு, நம் கல்யாண ஆல்பத்துக்கு அதைப் பின்னணியாக வாடகைக்கு எடுப்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. கோடு எங்கே என்று நேராகப் போட்டுக் காட்டச் சொன்னால் தடுமாறுவேன். ஆனாலும் வரவேற்பு அங்கே வேண்டாம். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள், அவள் காரணம் வேறு: பெரியம்மா குடும்பம் முழுக்கச் சைவம், பட்டுப்புடவையில் சேற்றுச் சிப்பி வாடையில் நிற்க வைக்காதே என்கிறாள்.

மாப்பிள்ளை இந்த ஊர்ப் பையன், அவருக்கு ஆய்ஸ்டர் ரோஸ்ட் இல்லாமல் கல்யாணம் கல்யாணமாக இருக்காது, சரி. நம் வீட்டுப் பின்புறத்திலேயே வைப்போம். தகடு, சாக்கு, மேஜையோடு வந்து செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், விசாரித்துவிட்டேன். இன்னொரு பக்கம் இலை போட்டுச் சைவச் சாப்பாடு. இதை அவருக்கு நிதானமாக மொழிபெயர்த்துச் சொல், அப்பா கோபமாக இருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிடாதே. தேதியைச் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். அக்டோபருக்கு முன்னால் வேண்டாம், சிப்பி சீசன் திறந்திருக்காது.

அன்புடன்,
அப்பா