இலகு ரயிலுக்குத் தனித்தடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

நம் நகரில் இலகு ரயில் பாதைக்கு, அதாவது தெருவில் தண்டவாளத்தில் ஓடும் டிராம் போன்ற ரயிலுக்கு, மக்களிடையே ஆதரவு பெருகியும், நிர்வாகம் இன்னும் தயங்குவது வேதனை அளிக்கிறது. மக்கள் கேட்டால் நடக்கும் என்பதற்குப் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரமே சாட்சி. சுரங்க மெட்ரோவா, தெருவில் ஓடும் டிராமா என்பது அங்கே 1989 மேயர் தேர்தலில் பெரும் விவாதமானது. டிராமுக்காகப் பேசிய கேத்தரின் டிரோட்மன் வென்றார். 1994இல் வண்டி ஓடத் தொடங்கியது. கார்கள் நெருக்கியடித்த கிளேபர் சதுக்கம் நடப்பவர்கள் வசமானது.

அந்த வண்டிகளின் தரையும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் உள்ளே போய்விடலாம். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

பணி நடக்கும் காலத்தில் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவதும் நியாயமே. அவர்களுக்கான இழப்பீட்டைத் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: தனித்தடம். கார்களோடு கலந்து ஓடவிட்டால், பஸ் சிக்கும் அதே நெரிசலில்தான் ரயிலும் நிற்கும். மக்கள் கேட்டது அதை அல்ல. சிக்னல்களிலும் ரயிலுக்கே முன்னுரிமை தர வேண்டும். தடத்தின் வரைபடத்தை இப்போதே வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேளுங்கள்.

– ஒரு வாசகர்