டயாலிசிஸ் கோப்பில் ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், டயாலிசிஸ் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

பதினொரு வருடமாக டயாலிசிஸ் டெக்னீசியனாக இருக்கிறேன். நோய் இன்னதென்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவதும், வரும் ரிப்போர்ட்டைக் கோப்பில் செருகுவதும் என் கைதான். அந்தக் கோப்புகளைப் பற்றித்தான் இந்த மடல்.

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். காலை ஷிஃப்ட்டுக்கு வரும் ஒரு ஐயா டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலா கையை நீட்டிக்கொண்டே, "ரெண்டு நாளா ஒரே அசதி தம்பி" என்றார். தெர்மாமீட்டரில் 98 கூட இல்லை. சிஆர்பி, அதாவது உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம், 22 என்று வந்தது. "டயாலிசிஸ் பேஷண்டுக்கு இது இருக்கிறதுதான்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த முறை மெஷினில் படுக்க வேண்டிய நாளில் ஆக்சிஜன் குறைந்து ஆம்புலன்ஸில் வந்தார். கொரோனா. பிழைக்கவில்லை.

அன்று சொன்ன வார்த்தை முழுத் தவறும் இல்லை, அதுதான் சிக்கல். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பலருக்குத் தொற்று எதுவும் இல்லாமலே சிஆர்பி ஏறித்தான் இருக்கும். கழுத்தில் கிடக்கும் கதீட்டர் குழாய், பல் ஈறு வீக்கம், டயாலிசிஸ் தண்ணீரின் சுத்தக் குறைவு என்று காரணங்கள் பல. யூரியா ஏறிய உடம்பு தொற்று வந்தாலும் காய்ச்சலைச் சரியாகக் காட்டாது. லிம்போசைட் என்ற வெள்ளணு சாதாரண நாளிலேயே குறைவாக இருப்பதால், நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளணுவோடு அதை ஒப்பிடும் நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதமும் கூடித் தெரியும். இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினை நாம் ஏற்றும் இரும்பு ஊசியே உயர்த்திவிடும். பாக்டீரியா தொற்றைக் கண்டறியப் பார்க்கும் புரோகால்சிடோனினும் பலருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும். ஆக, ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' அளவு இவர்களுக்கு உதவாது.

அப்படியானால் 22 என்ற எண்ணை எதோடு ஒப்பிடுவது? அவருடைய பழைய எண்ணோடுதான். வழக்கமாக 20-இல் இருப்பவருக்கு 22 ஒன்றுமில்லை. வழக்கமாக 4-இல் இருப்பவருக்கு அதே 22 ஐந்து மடங்குக்கும் மேல். அந்த ஐயா போன பிறகு அவர் கோப்பைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். மூன்று வருடக் கோப்பு. கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் எல்லாம் மாதாமாதம் இருந்தன. சிஆர்பி அந்த ஒரு தடவைதான்.

அதனால் கேட்கிறேன்: நோயாளி நன்றாக இருக்கும் மாதங்களிலும் சிஆர்பி எடுக்க உத்தரவிடுங்கள். நியூட்ரோபில், லிம்போசைட், தட்டணு எண்ணிக்கைகளையும் அதோடு ஒரே பக்கத்தில் வரிசையாக எழுத வேண்டும். ரத்தத்தை மெஷினில் இணைப்பதற்கு முன்பே, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின் போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். டயாலிசிஸ் தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில் வெள்ளணுக்கள் தற்காலிகமாகக் குறையலாம். அலகையும் எழுத வேண்டும். ஒரு லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று தருகிறது, இன்னொரு லேப் டெசிலிட்டருக்குத் தருகிறது. 12-ம் 1.2-ம் ஒன்றுதான் என்பது ஷிஃப்ட் மாறும் அவசரத்தில் யாருக்கும் உறைக்காது.

இந்த எண்கள் எந்த வைரஸ் என்று சொல்லாது. வைரஸா பாக்டீரியாவா என்றுகூட உறுதியாகச் சொல்லாது. நோயாளியின் வழக்கத்தைவிட எண் மாறினால், அன்றே வைரஸை நேரடியாகத் தேடும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கான அழைப்பு மட்டுமே அது. ஆன்டிபயாட்டிக் எழுதி ஒரு வாரம் காத்திருப்பதற்கான சீட்டு அல்ல.

ரத்தம் வழியே பரவி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் விஷயத்தில் இந்தப் பழைய எண் இன்னும் முக்கியம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி பொதுவாகவே தாழ்ந்திருக்கும். மாதாமாதம் 14 வந்தவருக்கு 32 வந்தால் லேப் 'நார்மல்' என்றே அச்சடிக்கும், கல்லீரலில் வைரஸ் புகுந்திருக்கக்கூடும். வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனையில் தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம். வைரஸின் மரபுப் பொருளையே நேரடியாகத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனையில் ஓரிரு வாரத்திலேயே தெரிந்துவிடும். புதிதாகச் சேருபவர்களுக்கும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை, மாதம் ஒரு முறை ஏஎல்டி என்று கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஏஎல்டி காரணமில்லாமல் ஏறினால் ஆர்என்ஏ பார்க்கவும் சொல்கிறது. பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கும் இது பரவலாம், ஐயா. ஒரு கையுறை மாற்ற மறந்தால் போதும். மருந்து இல்லாத நோயும் அல்ல இது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாத்திரை இலவசம். பெரும்பாலும் 12 வாரத்தில் குணமாகிறது, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும்தான்.

செலவு என்பீர்கள். மாதாமாத ரத்தப் பரிசோதனைக்கு ஊசி எப்படியும் குத்துகிறோம். ஒரு குழாய் ரத்தமும் சிஆர்பிக்கான கட்டணமும்தான் கூடுதல். அதையும் ஆர்என்ஏ பரிசோதனையையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் டயாலிசிஸ் தொகைக்குள் சேர்த்துவிட்டால் நோயாளியின் குடும்பத்திடம் கேட்க வேண்டியிருக்காது. வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் வரும் மனிதரிடம் "இன்னொரு டெஸ்ட் வெளியில எடுக்கணும்" என்று சொல்லும் வாய் என்னுடையது. பாதிப் பேர் தலையாட்டிவிட்டு எடுக்காமலே அடுத்த முறை வருவார்கள். நான் திரும்பக் கேட்பதில்லை.

எங்கள் பிரிவில் இப்போது ஒரு நோட்டுப் போட்டு நானே கோடு கிழித்து, கிடைக்கிற எண்களை எழுதி வருகிறேன். சிஆர்பி கட்டம் பலருக்கும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு டயாலிசிஸ் டெக்னீசியன்