எழுத்துருவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நான் வரைந்துகொண்டிருந்த தமிழ் எழுத்துருவின் (ஃபான்ட்) சாதாரணத் தடிமன் முடிந்துவிட்டது. கதை, கட்டுரை என்று பக்கம் பக்கமாக வாசிப்பதற்கான எழுத்து. ஈய எழுத்தில் அச்சான பழைய புத்தகங்களின் உருட்சி அதில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பகலில் கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலை, இரவில் இது என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் சிக்குன்குனியா வந்து இரண்டு கையையும் முடக்கிப் போட்டது. அதோடு இது மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள். அதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

காய்ச்சல் சில நாளில் இறங்கிவிட்டது. மூட்டுவலிதான் மாதக்கணக்கில் உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும். இந்த வைரஸுக்கென்று தனி மருந்து கிடையாது, ஓய்வும் நீர் ஆகாரமும் வலிக்கு மாத்திரையும்தான் என்று முதல் நாளே ஒளிக்காமல் சொன்ன டாக்டரம்மாவுக்கு என் முதல் நன்றி. டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது, டெங்குவாக இருந்துவிட்டால் ரத்தக்கசிவு ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார். அதற்கும் மேலே ஒன்று செய்தார். "இந்தக் கையோட வேலை பார்க்கலாமா டாக்டர்?" என்று தயங்கிக் கேட்டபோது, என்ன வேலை என்று விசாரித்து, செல்போனில் இருந்த படங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்து, "வலி ஏறுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிருங்க. வலி வந்தப்புறம் எந்திரிக்கிறது பிரயோஜனம் இல்ல" என்றார். விட்டுவிடு என்று சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்பதை நேரில் சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டப் பழக்கிய பிசியோதெரபி தம்பிக்கும், நிலவேம்புக் குடிநீரைக் காய்ச்சி வைத்துக்கொண்டு நான் முகம் சுளித்தாலும் விடாமல் குடிக்க வைத்த அம்மாவுக்கும் நன்றி. எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிய கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் அக்காக்களையும் விட்டுவிட முடியாது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டை இழுத்து, டார்ச் அடித்து, நெளிகிற புழுக்களைக் காட்டியபோது தெருவே வந்து எட்டிப் பார்த்தது. ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது, இப்படித் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும் என்பதை அன்றைக்குத்தான் பலர் நம்பினார்கள். அந்த அக்காக்களின் வேலைக்கு யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

இனி கம்பாசிட்டர் தாத்தா. இவரைப் பற்றி எழுதத்தான் இந்த மடலையே ஆரம்பித்தேன் என்று சொல்லலாம்.

தமிழ் எழுத்துருவுக்கு 247 எழுத்தையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. கால், கொம்பு, புள்ளி எல்லாம் ஒருமுறை வரைந்தால் எல்லா எழுத்தோடும் சேர்த்துக்கொள்ளலாம். உகர, ஊகார வரிசைகள் அதற்கு இடம் கொடுக்காது. கு முதல் னூ வரை 36 எழுத்தும் 36 உருவம். சு, பு, வு நேரே கீழே இறங்கும். கு, டு, மு வளைந்து சுழிக்கும். து, நு, று அடியில் திரும்பி வலப்பக்கம் மேலேறும். கூ யாரோடும் சேராமல் தனியே நிற்கும். சரியாக அந்த வரிசையைத் தொடங்கிய சமயத்தில்தான் எனக்குக் கை போனது.

தாத்தா மதுரையில் ஒரு பழைய அச்சகத்தில் வாழ்நாளெல்லாம் ஈய எழுத்துக் கோத்தவர். பார்க்க வந்தவர், நான் படுத்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "கை சும்மா கெடக்கட்டும்த்தா, கண்ணுக்கு என்ன வந்துச்சு?" என்றார். மறுநாளிலிருந்து சாயங்காலம் வந்துவிடுவார், வர முடியாத நாளில் போன் வரும்: "இன்னிக்கு எந்த எழுத்து?" ஓர் எழுத்துதான். வரைய வேண்டாம், பார்த்தால் போதும். எங்கே கனம் கூடியிருக்கிறது, எங்கே வெள்ளை அதிகம் என்று தீர்மானித்தால் அன்றைய வேலை முடிந்தது. ஒரு நாள் நான் எடுத்து வைத்திருந்த அச்சுத் தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். கம்பாசிட்டர்கள் ஸ்டிக்கில், அதாவது எழுத்துக் கோக்கக் கையில் பிடிக்கும் சட்டத்தில், கோத்த எழுத்தைத் தலைகீழாகவே வாசித்துப் பழகியவர்கள். "நேராப் பிடிச்சா கண்ணு அர்த்தத்துக்கு ஓடிரும். இப்படிப் பிடி. கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் தெரியும்" என்றவர், றுவுக்கு வலப்புறம் விட்டிருந்த இடத்தை நகத்தால் கீறிக் காட்டினார். அத்தனை நாளாக அந்த வரி ஏன் ஓட்டை விழுந்த மாதிரி தெரிகிறது என்று எனக்குப் பிடிபடாமல் இருந்தது. ரகரத்துக்கு அடியில் சாய்ந்த கால் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் "காரம்" என்ற சொல்லில் எது கால், எது ர என்று குழந்தைக்குத் தெரியாது என்று பிடிவாதமாக நின்று, அதை நீட்டவைத்ததும் அவர்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 13 எழுத்து வடிவங்களை, அந்தத் துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை உட்பட, விருப்பம் உள்ளவர்கள் பயன்படுத்தும்படி தனித் தொகுப்பாகச் சேர்த்திருக்கிறேன். அவற்றுக்காகத் தன் பரணில் இருந்த புத்தகங்களைத் தூசி தட்டி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

பார்த்துத் தீர்மானித்ததைத் திரைக்குக் கொண்டுவந்தது என் தங்கை. அவள் தையல்காரி, கணினியில் பில் போடுவதற்கு மேல் பழகாதவள். எழுத்துரு வரையும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜைத் திறந்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, வளைவின் மேல் நுனி, கீழ் நுனி, பக்க ஓரம் இவற்றில் மட்டும் புள்ளி வைத்து, மற்றவற்றை அழித்து, புள்ளியிலிருந்து நீளும் கைப்பிடியை இழுத்துக் கோட்டை வளைத்தாள். கொஞ்ச நாளில் நான் சொல்வதற்கு முன்பே, "இது இழுக்குதுக்கா, கைக்குழி சரியா வெட்டாத ஜாக்கெட் மாதிரி" என்று திருத்த ஆரம்பித்துவிட்டாள். இப்போது எழுத்துருவில் இருக்கும் ழூ முழுக்க அவள் கை. அதைவிட நல்லதாக என்னால் வரைந்திருக்க முடியாது.

தை முகூர்த்த நெருக்கடியில் என் பங்குக் கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்ட அலுவலகத் தோழிக்கு நன்றி. ககரத்தோடு உகரக் குறி சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு கு என்ற ஒரே உருவத்தை வை என்று கணினிக்குச் சொல்லும் விதிகளை எழுதி, செல்போனிலும் சோதித்துக் கொடுத்த பொறியாளர் தம்பிக்கு நன்றி. மாதிரிப் பக்கங்களை வகுப்பில் பிள்ளைகளிடம் கொடுத்து, எந்தச் சொல்லில் தடுக்குகிறார்கள் என்று பென்சிலால் குறித்து அனுப்பிய ஆசிரியருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி.

கை இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது; குளிர் நாளில் மட்டும் மணிக்கட்டு முரண்டு பிடிக்கும். தடித்த எழுத்துக்கான வேலை தொடங்கிவிட்டது. இந்த எழுத்துரு ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வெளியாகும், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம், திருத்தலாம். கோப்போடு பங்களித்தோர் பட்டியல் ஒன்றும் போகும். உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும், இனிஷியலோடா இல்லாமலா என்று இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். தாத்தா மட்டும் தன் பெயர் வேண்டாம் என்கிறார். அந்த அச்சகத்தில் தன்னோடு வேலை பார்த்த கம்பாசிட்டர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரியாகப் போடச் சொன்னார். அப்படியே போட்டிருக்கிறேன்.