காய்ச்சல் கொப்பி

திருகோணமலை,
பொங்கல் கழிந்த கிழமை

அன்பின் வாணிக்கு,

நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். முகட்டில் கொஞ்சம் ஓடு போனது, போட்டாயிற்று. பின்வளவு முருங்கை சரிந்துவிட்டது. அதற்கு அம்மா அழுத அழுகை அப்பாவுக்குக்கூட அழவில்லை என்று தம்பி பகிடி பண்ணுகிறான். புயல் நேரம் நீ அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் கேட்டேன். கடைசிப் பதிவில் "செத்தாலும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுச் சாகடி" என்று கத்தியிருந்தாய். சாகவில்லை. என் மருந்துக் கடையில் நின்றேன்.

இவ்வளவு நீளத்துக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன கிழமை இங்கே ஒரு கூட்டம். அடுத்த மாரிக்கு முன்னால் என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று பேசுகிற கூட்டம். ஆஸ்பத்திரி ஆட்கள், பொலிஸ், நேவி, கரண்ட் ஆட்கள், மீன்பிடிச் சங்கம் என்று எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பாமசிக்காரர் ஒருவரும் இல்லை. கதிரை வாடகைக்குக் கொடுக்கிறவர்கூட ஒரு மூலையில் இருந்து தேத்தண்ணி குடித்தாராம். எங்கள் பி.எச்.ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியும். கேட்டதிலிருந்து வயிறு எரிகிறது. உன்னிடம் கொட்டாமல் வேறு ஆரிடம் கொட்ட?

நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது கடையில் என்ன நடந்தது என்று கேள். கரண்ட் போய்விட்டது. பிரிஜ்ஜுக்குள் இன்சுலின். இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் வைக்க வேண்டிய சாமான். ஜெனரேற்றர் முதலாளி வீட்டில், முதலாளி உவர்மலையில், நடுவில் விழுந்த மரங்கள். சந்தையில் மீன் விற்கிற அண்ணையிடம் பொடியனை அனுப்பினேன். கடலுக்கு ஒருவரும் போகாதபடியால் ஐஸ் மிச்சம் கிடந்தது. றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸை உடைத்துப் போட்டு, மேலே சாக்கு, அதற்கு மேல் மடித்த துவாய், அதற்கும் மேலேதான் இன்சுலின் குப்பிகளை அடுக்கினேன். ஐஸ் நேரே முட்டினால் உறைந்துபோகும். உறைந்தது இளகினாலும் அந்தக் குப்பி குப்பைக்குத்தான். நடுவில் வெப்பமானியைச் செருகிவிட்டு மணிக்கொருதரம் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பெட்டி இன்னும் சூடை மீன் மணக்கிறது.

இதற்குள் சனம் வேறு வாசலில் நிற்கிறது. "பிள்ளை, வீட்டில ஊசி மருந்து கெட்டுப்போகுதே?" திறந்து பாவிக்கிற குப்பி என்றால் பயப்படத் தேவையில்லை, வெயில் படாமல் 30 பாகைக்குக் கீழே வைத்தால் நாலு கிழமைக்குத் தாங்கும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஈர மணலுக்குள் சட்டியை வைத்து, அந்தச் சட்டிக்குள் குப்பியை வையுங்கள் என்றேன். ஒரு ஐயா அதைக் கேட்டுவிட்டு, இதைச் சொல்லவா கம்பஸ் போனாய் என்று கேட்டார். அவருக்கு வாயில் கொழுப்பு, இரத்தத்திலும் கொழுப்பு. அவருடைய றிப்போட் எனக்குத் தெரியும்.

பிறகு மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. அதே மாவிலாறுதான். 2006இல் அங்கே சண்டை மூண்டபோது அந்தப் பெயரைக் கேட்டு நாங்கள் பட்ட பயம் உனக்கு மறந்திருக்காது. மூதூர், வெருகல் பக்கத்துச் சனத்தை மேடான இடங்களுக்கு ஏற்றினார்கள். வழி திறந்ததும் கொஞ்சப்பேர் இங்கே சொந்தக்காரர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். உடுத்த உடுப்போடு வந்த சனம். கிளினிக் கொப்பி இல்லை, குளிசை இல்லை, டொக்டர் எழுதின மருந்துத் துண்டு இல்லை.

ஒரு அம்மா கண்ணாடி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னா: "காலமைக்கு நீட்டு வெள்ளை ஒண்டு, இரவைக்குச் சின்ன மஞ்சள் அரைவாசி." நான் ஒவ்வொரு மட்டையாக எடுத்து முன்னால் பரப்பினேன். நீட்டு வெள்ளை மெட்போமின் ஆக இருக்கலாம். மஞ்சளுக்கு நான் என்ன செய்ய? கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறும். நிறத்தை நம்பி மருந்து கொடுப்பது கொலை. கொடுக்காமல் அனுப்பினாலும் அந்தப் பிரஷரோடு அவ எத்தனை நாள் தாங்குவா? பிரஷர் பார்த்தேன், விரலில் குத்திச் சீனி பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு லைன் கிடைக்கவில்லை. கடைசியில் எங்கள் கணக்குப்புலிக்கு எடுத்தேன். ஓமடி, உன்னைப் பார்த்து எழுதியே கணக்குப் பாஸ் பண்ணின அவனேதான். இப்போது பெரிய டொக்டர். படுக்கையில் இருந்தபடியே ஒவ்வொருவராகப் போனில் விசாரித்து, துண்டு எழுதிப் படம் எடுத்து அனுப்பினான். விடியும்வரை அனுப்பினான். அவனைப் பற்றி நாங்கள் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கலாம் என்று நினைக்கிறேன். மற்றப் பாதி இருக்கட்டும்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். காய்ச்சல் வந்தால் எங்கள் சனம் முதலில் எங்கே போகும்? ரெண்டு பனடோல் வாங்கிப் போட்டுப் பார்க்கும். மூன்றாம் நாள்தான் டொக்டர். ஆஸ்பத்திரிக் கணக்கில் அந்த ஆள் ஏறமுன் என் மேசைக்கு ஒருதரம், சிலவேளை இரண்டுதரம் வந்துபோயிருப்பார். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பொங்கியபோது இதைக் கண்ணால் கண்டேன். பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்களே, அதற்கு முந்தியே கிண்ணியாவில் இருந்து பாலம் கடந்து வந்து பனடோல் கேட்கிற முகங்கள் கூடிவிட்டன. அந்த வருடம் நாடு முழுக்க ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு. எங்களிடம் வந்து "உங்களுக்கு ஏதும் வித்தியாசம் தெரிந்ததா?" என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. டெங்கு உடம்பை முறித்துப்போடும். உளைவு தாங்காமல் வந்து டிக்லோபெனாக் தா, மெபனமிக் தா என்பார்கள். டெங்கில் இரத்தத்தட்டு இறங்குகிற நேரத்தில் அந்தக் குளிசைகள் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். பனடோல், அதாவது பரசிட்டமோல் தவிர வேறு ஒன்றும் கூடாது. நான் மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போவார்கள். ஒரு தகப்பன் அப்படித்தான் என்னோடு சண்டை பிடித்துவிட்டுப் போய் வேறு எங்கேயோ வாங்கினார். மகனுக்கு. ஒன்பதாம் வகுப்புப் படித்த பொடியன். இதற்கு மேல் அதை எழுத எனக்கு ஏலாது, வாணி.

2020இல் மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டார்களே, அப்போது நாங்கள் அத்தியாவசியம். பாஸ் தந்தார்கள். சனம் துண்டை வட்ஸ்அப்பில் அனுப்ப, எங்கள் பொடியன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தான். கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஊரடங்கு எடுத்த கையோடு நாங்கள் பழையபடி வெறும் கடை.

2022 இன்னும் மோசம். டொலர் இல்லை, மருந்து இல்லை, இருந்ததன் விலையும் ஏறிவிட்டது. லொசார்டன் என்று பிரஷர் மருந்தின் பெயர் தெரிந்தவர் எந்தக் கம்பனியின் மட்டை கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு போனார். பெட்டியில் இருந்த கம்பனிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டவர் மத்திய வீதி முழுக்க நடந்தார். மருந்தை அதன் பொதுப் பெயரில் எழுது, பொதுப் பெயரில் வாங்கு என்று மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே அடித்துக்கொண்டதும், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்ததும் எங்களுக்குப் பரீட்சைக்கு வந்த விடயங்கள். 2022இல்தான் எனக்கு அது உறைத்தது. அந்தத் தட்டுப்பாட்டில் "உன்னிடம் என்ன இருக்கு, என்னிடம் என்ன இருக்கு" என்று கேட்க நாங்கள் சில கடைக்காரர் ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம். புயலில் இன்சுலினைக் கைமாற்றியதும் அதே குழுவால்தான்.

அப்புறம் வெள்ளம் வடிந்ததும் எனக்கு எலிக்காய்ச்சல் பயம் பிடித்துவிட்டது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பின்னால் என்ன காய்ச்சல் என்று தெரியாமலே சனம் செத்ததே, ஞாபகமா? சாதாரணக் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு கீறினேன். பெயர் இல்லை. ஊர், வயது, காய்ச்சல் எத்தனையாம் நாள், வெள்ளத்துக்குள் அல்லது வயலுக்குள் நின்றதா, கெண்டைக்கால் நோகிறதா. அவ்வளவுதான். குழுவில் உள்ள மற்றக் கடைகளையும் எழுதச் சொன்னேன். சிலர் எழுதினார்கள், சிலர் கட்டைவிரல் படம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

இரவு கடை பூட்டமுன் கூட்டிப் பார்த்து பி.எச்.ஐ தம்பிக்கு அனுப்புவேன். முதல் நாள் சிரித்தான். "அக்கா, தொற்றுநோயை டொக்டர்மார் அறிவிக்க 544 படிவம் இருக்கு, உங்களுக்கு என்ன படிவம்?" என்றான். பிறகு ஒரே குறிச்சியில் இருந்து வரிசையாக வயல்காரர் வந்தபோது அவனே மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எலிக்காய்ச்சலைத் தடுக்கிற டொக்சிசைக்ளின் கேட்டு என்னிடம் வந்தவர்களை நான் எம்.ஓ.எச், அதுதான் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பினேன். அங்கே விசாரித்து, தேவையானவருக்குக் கிழமைக்கொருதரம் போடச் சும்மாவே கொடுக்கிறார்கள். கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் அது ஆகாது. கடையில் அள்ளி விற்கிற சாமான் இல்லை. முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "வாற யாவாரத்தை எழுதி எழுதி வெளியில அனுப்பிறாய்" என்கிறார்.

நீ சிரிப்பாய். கனடாவில், உங்கள் ஒன்ராறியோவில் 2023 ஜனவரியில் இருந்து சின்னச் சின்ன வருத்தத்துக்கு மருந்தாளரே மருந்து எழுதலாம். கொவிட் ஊசிகூட நீ பாமசியில்தானே போட்டாய்? பிளாஸ்திரி ஒட்டின கையை ஐந்து கோணத்தில் படம் எடுத்து அனுப்பியது மறக்கவில்லை. நான் ஊசி கேட்கவில்லை, பேனையும் கேட்கவில்லை. அந்தரமான நேரத்தில் ஓடாத லைனுக்குப் பதிலாக ஒரு டொக்டரின் நம்பர், மூன்று நாளைக்குரிய வழமையான குளிசையைக் கொடுக்க ஒரு அனுமதி, எந்தக் கடையில் எது இருக்கிறது என்று ஒரு பட்டியல், அந்தக் கூட்டத்தில் ஒரு கதிரை. இவ்வளவும் கிடைத்தால் போதும்.

இதை பி.எச்.ஐ தம்பியிடம் சொன்னபோது அவன் ஒரு கேள்வி கேட்டான். "பனடோல் விற்கக் காய்ச்சலைக் கூட்டிச் சொல்லுறாங்கள் எண்டு ஆரும் சொன்னால் என்ன செய்வியள்?" கோபம் வந்தது. ஆனால் கேள்வியில் ஞாயம் இருக்கிறது. 2020இல் மாஸ்க்கை என்ன விலைக்கு விற்றார்கள் என்று சனத்துக்கு மறக்கவில்லை. சுவரில் மருந்தாளரின் சான்றிதழ் தொங்கும், மருந்தாளரைக் காண ஏலாது, அப்படியான கடைகளும் இருக்கின்றன. அந்தக் கடையையும் என் கடையையும் ஒரே கதிரையில் இருத்தச் சொல்லி நான் எப்படிக் கேட்பேன்? ஆள் நிற்கிற கடைகளை மட்டும் முதலில் சேர்ப்போம் என்றேன். அதை ஆர் தீர்மானிப்பது என்று கேட்டான். இன்னும் எனக்கு விடை கிடைக்கவில்லை. நீ யோசித்துச் சொல்லு, உனக்குத்தான் சட்டம் பேசுகிற வாய்.

அடுத்த கூட்டம் மாசியில். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் கொப்பியோடு போகப்போகிறேன். எங்கள் கூட்டாளி சோடாப்புட்டியும் வருகிறாளாம், அவள் வந்தால் மைக் தேவைப்படாது. அதற்குமுன் எனக்கு ஒரு வேலை செய்து தா. உன் வீட்டுச் சந்திப் பாமசியில் நிற்கிற பிள்ளையிடம், துண்டு இல்லாமல் அவசரத்துக்கு மருந்து கொடுத்தால் என்னென்ன பதிகிறார்கள் என்று கேட்டு எழுதி அனுப்பு. வெட்கப்படாதே, வாயில்லாப்பூச்சி மாதிரி நடிக்கவும் வேண்டாம்.

மச்சாள் வரும்போது சீனி பார்க்கிற ஸ்ட்ரிப் கொடுத்துவிடு, மெஷின் படம் தனியாக அனுப்புகிறேன். சொக்கலேற் கொடுத்துவிடாதே. அம்மா அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்துத் தின்கிறா.

அன்புடன்,
உன் வாயாடி