லெவிடேஷன்: அந்த மாணவருக்கு இன்னொரு பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ‘லெவிடேஷன்’ என்றால் என்ன என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். ‘யோகிகள் தவவலிமையால் அந்தரத்தில் மிதப்பது’ என்று ஒரே வரியில் பதிலை முடித்துவிட்டீர்கள். பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற பகுதி என்பதால் இதை எழுதுகிறேன்.

லத்தீனில் ‘லெவிஸ்’ என்றால் கனமில்லாதது. கனம் போலவே இலேசும் பொருளின் ஒரு குணம், நெருப்பு மேலே எழுவது அதனால்தான் என்று அரிஸ்டாட்டில் வழிவந்தவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டில், ஈர்ப்பைக் குறிக்கும் ‘கிராவிடேஷன்’ என்ற சொல்லின் வார்ப்பிலேயே ஆங்கிலத்தில் ‘லெவிடேஷன்’ உருவானது. ஆவிகளோடு பேசும் கூட்டங்கள் 19ஆம் நூற்றாண்டில் பெருகியபோதுதான் மனிதர் மிதப்பதற்கு அது பெயராகப் பரவியது. நம்மவர்கள் அட்டமாசித்திகளில் ஒன்றாகச் சொல்லும் லகிமா, இலேசு என்று பொருள்படும் ‘லகு’விலிருந்து வந்தது. லகுவும் லெவிஸும் ஒரே வேரில் கிளைத்தவை.

லகிமா அவரவர் நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ‘மிதக்கிறார்கள்’ என்று நடந்த செய்தியாகவே மாணவரிடம் சொல்லிவிட்டால், மிதப்பவரை எது தாங்குகிறது என்று அந்தப் பிள்ளை கேட்கவே மாட்டான்.

சென்னையிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. 1830 வாக்கில் சேஷால் என்ற முதியவர் இங்கே அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். நான்கு கால் வைத்த ஒரு பலகை, அதில் பித்தளைக் குழிக்குள் செருகிய மூங்கில், அதன் மேல் தோல் சுற்றிய ஒரு தாங்குகட்டை. இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். முன்னால் ஒரு கம்பளியைப் பிடித்து மறைப்பார்கள். விலக்கினால், தரையிலிருந்து நாலடி உயரத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். ஒரு கையின் விளிம்பு மட்டும் கட்டையைத் தொட்டபடி ஜபமாலை உருட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரர்கள் வியந்து லண்டன் பத்திரிகைக்கு எழுதினார்கள். மூங்கிலுக்குள்ளிருந்து தோல் வழியாக அவரது உடைக்குள் போகும் இரும்புக் கம்பிதான் அவரைத் தாங்கியது என்பது பின்னால் சொல்லப்பட்ட விளக்கம். இன்று வெளிநாட்டு வீதிகளில் ‘மிதக்கும்’ கலைஞர்களும் இதே ஏற்பாட்டில்தான் அமர்கிறார்கள். சேஷாலின் கைத்திறனைப் பாராட்டலாம். அதைத் தவவலிமை என்று பாடம் சொல்லக் கூடாது.

நிஜமாகவே மிதப்பவை இருக்கின்றன. ஜப்பானின் யமனாஷி சோதனைத் தடத்தில் 2015 ஏப்ரலில் மணிக்கு 603 கிலோமீட்டர் ஓடிய ரயில், தடத்துக்கு மேல் சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்தில் மிதந்தது. ரயிலில் மீக்கடத்திக் காந்தங்கள் (மின்தடையே இல்லாத கம்பியால் ஆன வலுவான மின்காந்தங்கள்), பக்கச் சுவர்களில் கம்பிச்சுருள்கள். ரயில் விரையும்போது சுருள்களில் மின்சாரம் தூண்டப்பட்டு, அந்தக் காந்தவிசை ரயிலைத் தூக்குகிறது. மெதுவாகப் போகும்போது அந்த விசை போதாது. அதுவரை ரப்பர் சக்கரத்தில்தான் ஓடும்.

அப்புறம், அந்தத் தவளை! 1997இல் நெதர்லாந்தின் நைமேகனில் ஆந்த்ரே கெய்ம் ஒரு சிறு தவளையை 16 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) அளவுள்ள காந்தப்புலத்தில் உயிரோடு மிதக்கவிட்டார். தண்ணீரைக் காந்தம் மிக மெல்லியதாக விலக்கும். தவளையின் உடலில் பெரும்பகுதி தண்ணீர்தானே. அதே கெய்முக்கு 2010இல் கிராபீன் (ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் படலம்) ஆய்வுக்காக நோபல் பரிசு கிடைத்தது.

வரும் இதழில் அந்த மாணவருக்கு இன்னொரு பதில் தாருங்கள். ரயிலைப் பற்றியும் தவளையைப் பற்றியும் இரண்டு பத்தி போதும். படமும் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
தஞ்சாவூர்