செயலாளர் ஆண்டறிக்கை: டோகோன் மரச்சிலைகளோட ஒரு வருஷம்

அங்கத்தினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன பொதுக்கூட்டத்துல ஒரு வருஷம் முழுக்க ஒரே விஷயத்தை நிதானமா பார்ப்போம்னு முடிவு பண்ணோம்ல, அதன்படி மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற மாலி நாட்டு டோகோன் மக்களோட மரச்சிலைங்களை மட்டும்தான் பார்த்தோம். பாரிஸ்ல இருக்கற நமக்கு கே பிரான்லி மியூசியம் மெட்ரோ தூரம்தான், மாசத்து முதல் ஞாயிறு டிக்கெட்டும் கிடையாது, அதனால சங்கத்துக்கு பெருசா செலவு வரல. கணக்கை பொருளாளர் வாசிப்பாங்க.

முதல் தடவை போனப்ப எல்லாரும் நின்னுட்டது அந்த 191 சென்டிமீட்டர் சிலைகிட்டதான். 10, 11ஆம் நூற்றாண்டு, அதாவது டோகோன் மக்கள் அவங்க இப்ப வாழற பாண்டியாகரா மலைச்சரிவுல குடியேறறதுக்கும் முந்தினது, ஆணோட தாடியும் இருக்கு பெண்ணோட மார்பும் இருக்கு, ஒரு கை மேல தூக்கினபடி இருக்கு. டோகோன் சிலைங்கள்லயும் இப்படி கை தூக்கி நிக்கறது நிறைய. மழை கேக்கறதுனு பல பேர் சொல்றாங்க, அந்த வறண்ட பூமியில கம்பு விளைஞ்சாதான் சாப்பாடுங்கறப்ப எனக்கும் அதுதான் சரினு படுது.

சில சிலைங்க மேல ஏடு ஏடா படிஞ்சிருக்கறதை ஏன் சுத்தம் பண்ணலனு ஒரு அம்மா கேட்டாங்க, நல்ல கேள்வி, அதனால பதிலை இங்கயே எழுதி வைக்கறேன். அது பலி குடுத்த ரத்தமும் கம்புக் கூழும், தலைமுறை தலைமுறையா ஊத்தி ஊத்தி இறுகினது. அதை சுரண்டினா அந்த குடும்பம் வேண்டிக்கிட்டதெல்லாம் சேர்ந்து போயிடும். இந்த சிலைங்க பெரும்பாலும் ஊர் பார்க்க செஞ்சதும் இல்ல, பலிபீடத்து இருட்டுல இருந்ததுங்க.

செதுக்கறவங்க கொல்லருங்க. இரும்பும் அவங்க வேலைதான் மரமும் அவங்க வேலைதான், கல்யாணமும் அவங்களுக்குள்ளயே. வாய்ச்சியை (மரம் செதுக்கற கைக்கோடாலி) வச்சு ஒரே மரத்துல செதுக்கிடறாங்க. நியூயார்க் மெட் மியூசியத்துல இருக்கற ஜோடி சிலையை படத்துல பார்த்தோம்ல, 73 சென்டிமீட்டர், ஆண் பெண்ணோட தோள்மேல கை போட்டு உக்காந்திருப்பாரு, முதுகுப்பக்கம் பார்த்தா அவருக்கு அம்பறாத்தூணி, அவங்களுக்கு குழந்தை. முன்னாடி மட்டும் பார்த்துட்டு வந்தா பாதி சிலைய விட்டுட்டோம்னுதான் அர்த்தம்.

ஒண்ணு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. 1931ல பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் கிரியோல் தலைமையில, ஆப்பிரிக்காவை டக்கார்லேர்ந்து ஜிபூட்டி வரைக்கும் கடந்த டக்கார் ஜிபூட்டி ஆய்வுப் பயணக்குழு டோகோன் ஊரான சங்காவுக்கு வந்துச்சு, போற வழியில புனிதமான பொருளுங்களை எப்படி எடுத்தாங்கன்னு கூட வந்த எழுத்தாளர் மிஷேல் லெய்ரிஸே டைரியில எழுதியிருக்காரு. நாம பார்த்த லேபிள்கள்ல கொண்டு வந்தவங்க பேரு இருந்துச்சு, செதுக்கின கொல்லரு பேரு இல்ல. அதனால நம்ம ஸ்கெட்ச் நோட்டுல இனிமே ஊர் பேராவது தெரிஞ்சா அதை முதல்ல எழுதணும்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு.

அடுத்த வருஷம் களஞ்சியக் கதவுங்களும் மரப் பூட்டுங்களும். சந்தா பாக்கி இருக்கறவங்க தயவுசெஞ்சு இந்த மாசமே கட்டிடுங்க, முதல் ஞாயிறு காலையில வாசல்ல பார்ப்போம்.