நிறம் மாறிய நாணயம்: கீறலுக்குள் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், பொன்னிறத்தில் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் மண்டேலா 5 ராண்ட் நாணயம் நாணயச்சாலையின் பிழையா, என்ன விலை போகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். வந்த பதில்களில் விலை இருந்தது, சோதிக்கும் முறை இல்லை. ஓய்வூதியப் பணத்தில் ஆயிரக்கணக்கான ராண்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு கலங்குவதைவிட, வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் செலவிடுவது நல்லது. அதற்காகவே இக்கடிதம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த நிறம் அச்சு விழும் முன் வந்ததா, பின் வந்ததா என்பதுதான். தென்னாப்பிரிக்க நாணயச்சாலையில் சில்லறைக் காசுகளுக்கான வில்லைகளுக்கு (அச்சு விழாத வெற்று உலோகத் தட்டுகளுக்கு) முதலில் முலாம் ஏறும், அதன் பிறகே அச்சு விழும். எனவே முலாம் விட்டுப்போனாலும் வேறு வில்லை மாறி வந்தாலும் அந்த நிறத்தின் மேல்தான் அச்சு பதிந்திருக்கும். அச்சின் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை விட்டுச்செல்லும். புழங்காத நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்பினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஒளிக்கீற்று சுற்றி வருவது இந்தக் கோடுகளால்தான். வீட்டிலோ பட்டறையிலோ பின்னால் தடிப்பாகப் பூசிய முலாம் இக்கோடுகளை மூடிவிடும். ஒளி சுற்றாது, பரப்பு முழுக்க ஒரே மினுமினுப்பாக இருக்கும், எழுத்தின் மூலைகள் மெழுகு பூசியது போல மழுங்கித் தெரியும்.

புழங்கிய நாணயத்தில் ஆரக்கால் ஒளி இருக்காது. அப்போது கீறலைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் நகை ஆசாரியின் கண்ணாடி போதும். பணப்பையில் உரசி விழுந்த ஆழமான கீறலின் அடியிலும் அதே பொன்னிறம் இருந்தால், பெரும்பாலும் கீறல் முந்தி, முலாம் பிந்தி.  கீறலின் அடியில் வேறு நிறம் தெரிந்தால் பூச்சு கீறலுக்கு முந்தியது என்பது மட்டுமே தெரியும். அது நாணயச்சாலையில் வந்ததா என்பதற்கு மற்ற சோதனைகளும் வேண்டும்.

வாசகர் கேட்ட மண்டேலா நாணயத்துக்கு வருகிறேன். 1994 பதவியேற்பு நாணயமும் 2000ஆம் ஆண்டின் சிரித்த முக நாணயமும் செம்பின் மேல் நிக்கல் முலாம் ஏறியவை. 26 மில்லிமீட்டர், 7 கிராம். இவற்றுக்குத் தங்க முலாம் பூசியிருந்தால் கன்னமேடு, தலைமுடி, விளிம்பு ஆகிய உயர்ந்த இடங்களில் முதலில் தேயும். தேய்ந்த இடத்தில் பொன்னுக்குள் வெள்ளை நிக்கல், அதற்கும் உள்ளே செம்பின் சிவப்பு என்று மூன்று நிறமும் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது பிற்பாடு பூசியதே. 2008இல் வந்த 90ஆம் பிறந்தநாள் நாணயமும் 2018இன் நூற்றாண்டு நாணயமும் இரண்டு உலோகம் சேர்ந்தவை, 9.5 கிராம். அவற்றில் வெளி வளையமும் நடு வில்லையும் சேரும் இடத்தைப் பாருங்கள். நல்ல நாணயத்தில் அங்கே மயிரிழை போன்ற கோடு சுற்றிலும் ஓடும். முலாம் அந்தக் கோட்டையும் சேர்த்து மூடியிருந்தால், வளையமும் நடுவும் பொருந்திய பிறகுதான் பூசியிருக்கிறார்கள்.

எடையை நம்பித் தங்க முலாமைக் கண்டுபிடிக்க முடியாது. 1994 நாணயத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 12 சதுர சென்டிமீட்டர். அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தங்கம் ஏற்றினால் கூடுவது சுமார் 0.01 கிராம். பத்து மைக்ரான் செம்பு ஏற்றினாலும் 0.1 கிராம்தான். சாதாரண நாணயங்களுக்குள்ளேயே அந்த வேறுபாடு இருக்கும். எடை உதவுவது வில்லை மாறியதைக் கண்டுபிடிக்க. உதாரணமாக, 1990இல் தொடங்கிய வரிசையில் 50 சென்ட் 22 மில்லிமீட்டர், 5 கிராம், வெண்கல முலாம். 5 சென்ட் 21 மில்லிமீட்டர், 4.5 கிராம், செம்பு முலாம். 50 சென்ட் அச்சு 5 சென்ட் வில்லையில் விழுந்திருந்தால் நிறம் சிவப்பாக இருப்பதோடு எடை 4.5 கிராம் அளவில் நிற்கும், விளிம்பும் முழுதாக எழும்பாது. சிவப்பாக இருந்தும் 5 கிராமும் 22 மில்லிமீட்டரும் சரியாக இருந்தால் அது வில்லை மாறியது அல்ல.

வெள்ளி நிறத்து 5 சென்ட்தான் அதிகம் ஏமாற்றுவது. இதன் உள்ளே இருப்பது எஃகு. செம்பு ஏறாமலே அச்சான 5 சென்ட் கிடைத்தால் அது சேகரிப்பாளர்கள் விரும்பும் உண்மையான எரர், அதாவது நாணயச்சாலையின் பிழை. ஆனால் பள்ளி வேதியியல் கூடத்தில் துத்தநாகத்தைச் செம்பின் மேல் படியவைத்து வெள்ளியாக்குவார்கள். அதையே தீயில் காட்டினால் துத்தநாகமும் செம்பும் கலந்து பித்தளையாகிப் பொன்னிறம் வரும். வெள்ளிக் காசு, பொற்காசு இரண்டும் ஒரே மேசையில் பிறந்துவிடும். காந்தம் இங்கே உதவாது, உள்ளே எஃகு இருப்பதால் எல்லாமே ஒட்டும். துருவைத் தேடுங்கள். செம்பில்லாத வெற்று எஃகு டர்பனின் கடற்காற்றில் வெகுநாள் தாங்காது. பல ஆண்டு புழங்கித் தேய்ந்தும் ஒரு துருப்புள்ளி இல்லாமல் நீலம் கலந்த வெண்மையில் மின்னினால், துத்தநாகம் என்று சந்தேகியுங்கள். அமிலத்தில் போட்டுச் செம்பை உரித்திருந்தால் எழுத்து மெலிந்து, பரப்பில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருக்கும்.

செம்பு நிறத்து 1 ராண்ட், 2 ராண்டுக்குக் காந்தம் பயன்படும். இவை செம்பின் மேல் நிக்கல். சிறிய, வலுவான நியோடிமியம் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு, முதலில் அதே ஆண்டின் சாதாரண நாணயத்தை அருகில் கொண்டுபோங்கள். காந்தம் எவ்வளவு அசைகிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு செம்பு நிறத்து நாணயம். நிக்கல் ஏறாத வில்லை என்றால் காந்தம் அசையக்கூடாது. சாதாரண நாணயத்தைப் போலவே அசைந்தால் செம்புக்கு அடியில் நிக்கல் இருக்கிறது. அதாவது யாரோ மேலே செம்பு பூசியிருக்கிறார்கள்.

உலோகத்தையே சந்தேகித்தால் ஒப்படர்த்தி (அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) பாருங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் சுவரிலும் படாமல் மூழ்கவிடுங்கள். 5.5 கிராம் எடையுள்ள 2 ராண்டுக்குத் தராசு 0.62 அளவில் காட்ட வேண்டும், 5.5ஐ அதால் வகுத்தால் செம்புக்கும் நிக்கலுக்கும் உரிய 8.9 வரும். 0.70 காட்டினால் உள்ளே எஃகு. எழுத்துகளின் மேல் ஒட்டும் காற்றுக்குமிழி கணக்கைக் கெடுக்கும். நூலைத் தட்டி அவற்றை விடுவியுங்கள். இரண்டு உலோக நாணயத்துக்கு இந்த முறை பயன்படாது.

நம் வீடுகளில் நிறம் மாறுவதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. கற்பூரத் தட்டில் கிடந்த செம்புக் காசு சூட்டில் ஊதாவும் ஆரஞ்சும் கலந்து மாறும். மஞ்சளில் வைத்த காசில் கறை ஏறும். அச்சுக்கு முன் வில்லைகளைச் சூடாக்கி மென்மையாக்கும் உலையில் ஏற்படும் கோளாறாலும் கருஞ்சிவப்பு நிறம் வருவதுண்டு, அது உண்மையான பிழை. ஆனால் அடுப்பில் காட்டியும் ஏறத்தாழ அதே நிறத்தைக் கொண்டுவரலாம் என்பதால், ஆரக்கால் ஒளி தெளிவாக இல்லாத நாணயத்தை அந்தப் பெயரில் வாங்காதீர்கள்.

தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள். உண்மையான எரராக இருந்தாலும் பரப்பு இளஞ்சிவப்பாகி, சாட்சி அழிந்துவிடும். அரம் வைத்துத் தேய்ப்பதும் அப்படியே. கையில் வழுவழுக்கும் வெள்ளிப்பூச்சு உள்ள பழைய செம்புக் காசு கிடைத்தால் பாதரசம் தேய்த்ததாக இருக்கலாம். சூடாக்கவே கூடாது, அதன் ஆவி நஞ்சு. மூடிய புட்டியில் போட்டுக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

விவரம் தெரிந்தவரிடம் கருத்துக் கேட்க விரும்புவோர் இரு பக்கத்தையும் விளிம்பையும் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல், அதே மதிப்புள்ள சாதாரண நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். எடையையும் விட்டத்தையும் காந்தத்தில் கண்டதையும் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்